கப்பலில் வந்த காய்ச்சல்

1957 ஜூன், வெள்ளிக்கிழமை

அப்பாவின் கருமாதி இன்று முடிந்தது. பந்தியில் தங்கையின் கணவர் முருகேசன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எதிர்வீட்டு அம்மாள் அவர் காதுபடவே, “மெட்ராஸ்லருந்து காய்ச்சலக் கொண்டாந்து பெரியவர அனுப்பி வெச்சிட்டான்” என்றாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன்.

“மச்சான், உண்மையச் சொல்லுங்க. நான்தான் கொண்டாந்தேனா?”

“பேப்பர்ல போட்டிருக்கான் மாப்ள. சீனாவுல ஆரம்பிச்சு, சிங்கப்பூர்லருந்து கப்பல்ல வந்துச்சாம். இருமினாலே பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒட்டிக்குமாம்.”

“அந்தக் கப்பலுங்கள்லதான் நான் மூட்டை எறக்கறேன்” என்றார். “உடம்பு வலியோடதான் கிரிவலத்துக்கு வந்தேன். கிட்ட வராதீங்கன்னு சொன்னேன். மாமா கேக்கல. பக்கத்துலயே உக்காந்து கஞ்சி ஊட்டுனாரு.”

“உனக்கும் யாரோ குடுத்ததுதானே மாப்ள? அவனுக்கு இன்னொருத்தன். யாரைப் போய்க் கேக்கறது?”

அவர் முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டு அழுதார். அப்பா இறந்த அன்றுகூட அப்படி அழவில்லை.

சாயங்கால பஸ்ஸுக்கு அவர் மட்டும் கிளம்பினார். தங்கை இடுப்பில் இருந்த குழந்தை அவரைப் பார்த்துக் கையை நீட்டியது. அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“காய்ச்சல் விட்டு எவ்ளோ நாளாச்சு, தூக்குங்க” என்று தங்கை கெஞ்சினாள்.

“வேணாம்” என்றார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

விளக்கை அணைக்க மனம் வரவில்லை. உள்ளே குழந்தை இருமுகிறது. வெறும் இருமலாகத்தான் இருக்கும்.