ஜன்னல் வெளுத்தால் வெளுக்கட்டும்

கல்யாணங்களை வீடியோ எடுப்பது அவர் தொழில். இன்றும் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் மனைவிக்கு எழுதிய சீட்டு, வீட்டிலிருந்த சின்னக் கேமராவில் ஒட்டியிருந்தது. "இனி மருந்து கேட்காது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி மருத்துவர் அவர்களுடைய மகளை அனுப்பிவிட்டபின், அவளை வீடியோ எடுத்து வைக்க ஆசைப்பட்டவள் மனைவிதான். ஆனால் ஈரல் கெட்டு மஞ்சளித்த முகம் நேற்று அவர் எடுத்த வீடியோவில் அப்படியே தெரிந்ததும் வெடித்துவிட்டாள்.

"ஊரான் வீட்டுப் பொண்ணுங்களை எல்லாம் அழகாக் காட்டுறீங்க. நம்ம பொண்ணுக்கு மட்டும் கை வராதா?"

அதற்கான பதிலை அவர் இன்று எழுதினார்:

"சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சாப்பிடு. நர்ஸ் வருவாங்க, தாழ்ப்பாள் போடாதே.

இன்னிக்கு நீயே எடு. கேமராவை ஆட்டோ மோடுல போட்டுடாதே. அவளுக்குப் பின்னாடி இருக்கிற ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து அவ முகத்தை இருட்டாக்கிடும். லென்ஸ் பக்கத்துச் சக்கரத்தைத் திருப்பி, முகம் நல்லாத் தெரியிற வரைக்கும் வெளிச்சத்தைக் கூட்டு. ஜன்னல் வெளுத்தா வெளுக்கட்டும்.

கலரைத் தொடாதே. வெள்ளைத் தாளுக்குப் பதிலா வெளிர் மஞ்சள் தாளைக் காட்டி செட் பண்ணியிருக்கேன். கேமரா அதையே வெள்ளைன்னு நம்பிடும், அவ முகத்துல மஞ்சள் குறையும். நேத்து உன்னை அழ வைக்கணும்னு பண்ணலம்மா. எப்படி இருந்தாலும் அவ முகம் எனக்கு வேணும்னு தோணுச்சு."

அடியில், இடம் போதாமல் ஓரமாகச் சாய்த்து:

"ஸ்டாண்டுல வெச்சா கேமரா தானா ஓடும். நீ போய் அவ பக்கத்துல உட்காரு. அவ தனியா இருக்கிற வீடியோ நமக்கு வேண்டாம்."