பிழியாத போர்வை

என் செல்ல மகளுக்கு,

அம்மா போனதிலிருந்து நான் வாயே திறப்பதில்லை என்று நீ ஏற்பாடு செய்த ஆலோசகரிடம் இரண்டு முறை போனேன். நல்ல மனிதர்தான். "மனசு விட்டுப் பேசுங்க" என்றார். அவருடைய நாற்காலி ஆடுவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தேன்.

என்னைப் பேச வைத்தது வேறு ஆள். கோபப்படாதே, கீழ்வீட்டுக்காரிதான். நம் ஈரத்துணி அவள் பால்கனியில் சொட்டுகிறது என்று உன் அம்மாவோடு பதினெட்டு வருஷம் மல்லுக்கு நின்றாளே, அவளேதான்.

போன வாரம் மேலே வந்து கத்தினாள். "மன்னிச்சுக்கங்க" என்றேன். அவள் முகம் தொங்கிப்போய்விட்டது.

"என்ன சார், பொசுக்குன்னு மன்னிப்பு கேட்டுட்டீங்க? அவங்களா இருந்தா, 'உன் பால்கனியை ஓசியில கழுவி விடறேன், நன்றி சொல்லுடி'ன்னு பதிலுக்குக் கத்தியிருப்பாங்க!"

அச்சு அசல் உன் அம்மாவின் குரல். சிரிப்பில்தான் ஆரம்பித்தோம். முடிக்கும்போது இரண்டு பேருக்கும் கைக்குட்டை தேவைப்பட்டது. அப்புறம் ஒரு மணி நேரம் பேசினேன், நாற்காலியைப் பற்றி இல்லை.

ஆலோசகருக்கு என் நன்றியைச் சொல்லிவிடு. இன்று காலை அம்மாவின் பெரிய போர்வையைத் துவைத்துக் காயப்போட்டேன். பிழியவே இல்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன்.

உன் அப்பா