பச்சையாகவே இருந்த பனி

1986 மார்ச் 9

அன்புள்ள பிபிக்கு,

உங்க கூடாரத்துக்குத் தபால் கொண்டு வரணும்னு தோபியாஸ் நாய்வண்டியைப் பூட்டிக்கிட்டு வாசல்ல நின்னு கத்துறான், அதனால அவசரமா எழுதறேன். நம்ம பொண்ணு இவாலு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துட்டா. அங்க இருந்த வரைக்கும் நல்லாச் சாப்பிட்டாளாம், ஒரு சுற்று பெருத்துகூட வந்தா. வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் ஆகல, மறுபடி வயித்து வலி. "அப்பா, உள்ள நாய் கடிக்குது"ங்கறா.

ரத்தத்துல காரீயம் இருக்குன்னு டாக்டர் எழுதியே கொடுத்துட்டார். அது வேற எங்கேர்ந்து வரும்? மலைக்கு அந்தப் பக்கம் காரீயச் சுரங்கக்காரன் கொட்டி வச்சிருக்கற மண்தான். காத்து அடிச்சா இங்க பனி மேல வந்து படியுது, அதைத்தானே ஊரே உருக்கிக் குடிக்குது. ஊர்க் கூட்டத்துல எழுந்து சொல்லிட்டேன்: "என் பெண்டாட்டியே பனியைச் சோதிக்கறவ, அவ கொண்டு வருவா சாட்சி." என் மானத்தைக் காப்பாத்து, தாயே.

இவாலுவுக்கு நான் ஊர்ப் பனியைக் கொடுக்கறதே இல்ல. கடல்ல உறைஞ்சு நிக்கற பனிமலையிலேர்ந்து நானே வெட்டிக்கிட்டு வரேன். மனுஷன் பொறக்கறதுக்கு முன்னாடி விழுந்த பனி, அதுல என்ன அழுக்கு இருக்கப் போகுது? நாள் பூரா கெட்டில்ல வச்சிருந்து கேக்கறப்பல்லாம் ஊத்தறேன். செப்டம்பர்ல தூண்டில் குண்டை உருக்கி நான் ஓட்டை அடைச்சப்ப விழுந்து விழுந்து சிரிச்சியே, அந்தக் கெட்டில் இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. தெரிஞ்சுக்கோ.

உன் ஏனோக்


மார்ச் 20

அன்புள்ள ஏனோக்,

இவாலுவுக்கு என் முத்தம். கன்னத்துல இல்ல, மூக்குல கொடு, அவளுக்கு அதுதான் பிடிக்கும்.

நீ பேய்னு கிண்டல் பண்ற வெள்ளை உடுப்பைப் போட்டுக்கிட்டு, முழங்கை வரைக்கும் உறை மாட்டி, காத்துக்கு எதிரா நின்னு குழி வெட்டறேன். பனியில வெளி அழுக்கு படக் கூடாது, நாய்ங்களைக் காத்து போற பக்கம் தூரமாக் கட்டணும். தோபியாஸ் சுருட்டைப் பத்த வச்சா அவனையும் துரத்திடுவேன். சுரங்கத்துலேர்ந்து நம்ம வீட்டுப் பின்பக்கம் வரைக்கும் பனி எடுத்தாச்சு. கூடாரத்துல உருக்கி, பச்சை மருந்து விட்டுக் குலுக்கறோம். காரீயம் இருந்தா மருந்து சிவக்கும்.

சிவக்கல, ஏனோக். சுரங்கத்து வாசல்ல லேசா ரோஸ் நிறம் காட்டுச்சு, மலையைத் தாண்டினா ஒண்ணுமே இல்ல. நம்பாம மறுபடி போய் வெட்டினேன். சிவக்கணும் சாமின்னு வேண்டிக்கிட்டே குலுக்கினேன், ஒரு தாய் அப்படி வேண்டலாமா? பச்சையாவேதான் இருந்துச்சு.

பனியில இல்லேன்னா வேற எதுலேர்ந்தோ அவ உடம்புக்குப் போகுது. என்ன சாப்பிடறா, எதைத் தொடறா, எல்லாம் எழுது. என்மேல கோவப்படாதே.

உன் பிபி


ஏப்ரல் 1

பிபி,

அன்புள்ளன்னு எழுதக் கை வரல. பச்சையாம், பச்சை! உனக்குச் சம்பளம் கொடுக்கற அந்த டென்மார்க்காரன் சோத்தைத் தின்னுட்டு அவன் பாட்டையே பாடறியா? சுரங்கக்காரனும் அவனும் ஒரே தட்டுல சாப்பிடறவங்கன்னு ஊருக்கே தெரியும். கூட்டத்துல நான் இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிப்பேன்?

இவாலுவுக்குக் கை மணிக்கட்டுலேர்ந்து தொங்குது. ஸ்பூன் பிடிக்க முடியல. அம்மா எப்ப வருவான்னு கேக்கறதையும் விட்டுட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஹெலிகாப்டர் வரணும், புயல் விட்டாத்தானே வரும். என்ன சாப்பிடறான்னு கேட்டியே, ஒண்ணும் சாப்பிடறதில்ல. நான் ஊத்தற தண்ணி ஒண்ணுதான் வயித்துல தங்குது. எனக்கும் வயிறு இழுத்துப் பிடிக்குது. கவலைதான், வேறென்ன.

கெட்டில்ல இருக்கற பனிமலைத் தண்ணியை ஃபிளாஸ்க்ல ஊத்தி அனுப்பறேன். கூடவே வெட்டின கட்டி ஒண்ணும் வச்சிருக்கேன். சுத்தம்னா என்னன்னு உன் டென்மார்க்காரனுக்குக் காட்டு.

ஏனோக்


ஏப்ரல் 7

என் ஏனோக்,

முதல்ல கெட்டிலை அடுப்பிலேர்ந்து இறக்கு. இறக்கிட்டு மேல படி.

சோதிக்கறப்ப ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான தண்ணி ஒண்ணு பக்கத்துல வேணும். எங்க பாட்டில் குளிர்ல வெடிச்சுப் போச்சு. உன் ஃபிளாஸ்க் ஞாபகம் வந்துச்சு. நீ சொன்ன மாதிரி இதைவிடச் சுத்தம் ஏதுன்னு ஊத்திக் குலுக்கினேன். ரத்தமாச் சிவந்துச்சு.

என் கைதான் அழுக்குன்னு நினைச்சு எல்லாத்தையும் கழுவி மறுபடி பண்ணினேன். சிவப்பு. நீ அனுப்பின கட்டியை உருக்கினேன். பச்சை. அந்தத் தண்ணியை அதே ஃபிளாஸ்க்ல ராத்திரி பூரா வச்சும் பார்த்தேன், பச்சை. மிச்சம் இருக்கறது கெட்டில்தான். தூண்டில் குண்டு காரீயம், ஏனோக். உப்பு, சுண்ணாம்பு எதுவும் கலக்காத தண்ணி பசியோட இருக்கும், பட்டதைக் கரைச்சு எடுத்துக்கும்னு இங்க சொல்லியிருக்காங்க. பனிமலைத் தண்ணி அந்த மாதிரித் தண்ணி.

உன்மேல எனக்குக் கோவம் இல்ல. நம்ம ஊர்ல எந்த வீட்டுல அப்படி அடைக்கல? அவளுக்கு இனிமே அதுலேர்ந்து ஒரு வாய் கூடக் கொடுக்காதே. ஹெலிகாப்டர் வந்ததும் ஏத்து. காத்து விட்டதும் கிளம்பறேன்னு தோபியாஸ் சொல்றான். பாழாப் போன காத்து விட மாட்டேங்குது.

உன் பிபி


ஏப்ரல் 14

பிபி,

உன் கடிதம் வந்தப்ப வீடு நிறைய ஆள். இவாலுவைக் கல் அடுக்கி அடக்கம் பண்ணிட்டு வந்து எல்லாரும் காபிக்கு உட்கார்ந்திருந்தாங்க. உன்னை ரேடியோவுல கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம், புயல்ல பிடிக்கல. தோபியாஸ் கடிதத்தை நீட்டினப்ப கெட்டில் என் கையில இருந்துச்சு. நின்னுக்கிட்டே படிச்சேன்.

"பிபி என்ன எழுதியிருக்கா?"ன்னு பாதிரியார் கேட்டார். "பனி சுத்தமாம்"னேன். எல்லாரும் சுரங்கக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினாங்க, உன்னையும் சேர்த்துத்தான். அவங்க கோப்பையை எல்லாம் வாங்கி வெளிய கொட்டினேன். துக்கத்துல புத்தி பேதலிச்சிடுச்சுன்னு பேசிக்கிட்டாங்க.

கடைசி நாள் "இன்னும் கொஞ்சம், அப்பா"ன்னு கேட்டா. ரெண்டு கோப்பை கொடுத்தேன். நல்லாக் குடிச்சா.

கெட்டிலைக் கடல் பனி மேல கொண்டு போய் வச்சுட்டேன். பனி உடையறப்ப அதோட போகட்டும்.

கோவம் இல்லேன்னு எழுதியிருக்கே. நீ வராதே, பிபி. கோவப்படாத உன் முகத்தை என்னால பார்க்க முடியாது. இத்தனை நாள் திட்டறதுக்கு அந்தச் சுரங்கக்காரனாவது இருந்தான்.

ஏனோக்