உன் ரவுடித் துண்டு

இன்று காலை உன் சிவப்புத் துண்டை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டேன். தைல வாசனை குப்பென்று ஏறியது. முட்டிக்குத் தேய்த்த கையை அதிலேயே துடைப்பாயே, அந்த வாசனை. நீ கண்ணை மூடிய பிறகு நான் அதைத் தொட்டதே இல்லை. இன்று ஏன் தொட்டேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் கராத்தே வகுப்பு அதே கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில்தான் நடக்கிறது. பள்ளியில் கேலியும் அடியும் வாங்கும் பிள்ளைகளுக்கென்று மைசூரில் ஒரு வகுப்பு வேண்டும் என்று நீதானே ஒற்றைக்காலில் நின்றாய்! குத்தும் தடுப்பும் நான் சொல்லித்தருவேன். நீ ரவுடி. துண்டைக் கட்டிக்கொண்டு, சூயிங்கம் மென்றபடி, மாடிப்படி வாசலை மறித்து நிற்பாய். உன்னைத் தாண்டித்தான் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டும். தலை நிறைய மல்லிகைப்பூ வைத்த ரவுடி இந்த ஊரிலேயே நீ ஒருத்திதான்.

"என்னடி இது கோமாளித்தனம்?" என்று நான் கேட்டால், "குத்து அப்புறம் கத்துக்கலாம் கணே. எதிர்ல ஆள் நின்னா முதல்ல வாய் திறக்கணும்" என்பாய். தமிழ் பேசும்போதும், நம் 'டி'க்குப் பதிலாக அந்தக் கன்னடத்துக் 'கணே' உன் வாயிலிருந்து போகவே போகாது.

மேகனாவை நீ பார்த்ததில்லை. ஆறாம் வகுப்பு. கூடப் படிக்கும் நாலைந்து பெண்கள் பள்ளிப் படிக்கட்டில் மறித்து, பையைப் பிடுங்கி, சாப்பாட்டைக் கொட்டியிருக்கிறார்கள். டீச்சர் கண்டித்தும் நிற்கவில்லை. பத்துப் பதினைந்து நாளாக இவள் வீட்டிலேயே முடங்கிவிட்டாள். அம்மா கெஞ்சிக்கூத்தாடி, நாளைக்குப் போகச் சம்மதிக்க வைத்திருக்கிறார். நம் வகுப்பில் அவளுக்குக் கையும் காலும் அழகாக வருகிறது. குரல்தான் வரவேயில்லை. அப்படியே அனுப்ப எனக்கு மனசு கேட்கவில்லை. அலமாரியிலிருந்து துண்டை எடுத்தேன்.

இதில் கூத்து என்னவென்றால், இன்று கீழே கல்யாணம். தாலி ஏறும்வரை மாடியில் சத்தம் கூடாது என்ற மேனேஜரின் கட்டளை இன்னும் அமலில் இருக்கிறது. அதனால் நீ கண்டுபிடித்த ஊமை வகுப்பு நடந்தது: வாயை மட்டும் திறப்பது, காற்றில் குத்துவது. கேசரிபாத் வாசனை வேறு பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தியது.

எனக்கு உன்னைப்போல் நடிப்பு வருமா? படி வாசலில் போய் நின்றதுமே பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் மேகனாவின் பையைப் பிடித்தேன். "ஏய், எல்லிகே?" எங்கே போறே என்ற அதே உன் வசனம், உன் தோரணை. அவள் தலை குனிந்தது. பையின் வாரை மெதுவாகத் தோளிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கழற்றிய கை பாதியில் நின்றது. காலை அகட்டினாள். கையை நெஞ்சுக்கு முன்னால் உயர்த்தினாள்.

"பேடா! நன்ன பேக் பிடு!"

வேண்டாம், என் பையை விடு! அம்மாடி, என்ன குரல்! நான் விட்டேன் கணே, நிஜமாகவே பயந்து விட்டேன். பின்னால் நகர்ந்து பாயில் தொப்பென்று உட்கார்ந்தேன். பிள்ளைகள் குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே! அத்தனை பேரும் வாயை ஆவென்று திறந்து, சத்தமே இல்லாமல் ஆரவாரம் செய்தார்கள். கட்டளை கட்டளைதானே.

மேனேஜர் மூச்சிரைக்க ஏறி வந்தார். "யாரு மேடம் கத்துனது? கீழ ஐயரே நிமிர்ந்து பாக்கறார்!"

நான் எழுந்து பழியை ஏற்றுக்கொள்வதற்குள் மேகனா முன்னால் வந்தாள். இந்த முறை கத்தவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, "நானே சார்" என்றாள்.

அவர், "கொஞ்சம் பொறும்மா, தாலி கட்டட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். சற்று நேரத்தில் கீழே கெட்டிமேளம் கொட்டியது. அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து நாங்கள் எல்லோரும் கத்தினோம். உனக்குக் கேட்டதா?

போகும்போது மேகனா, "நாளைக்கு ஸ்கூலுக்குப் போறேன் மிஸ்" என்றாள். துண்டை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

அதை நான் துவைக்கப்போவதில்லை. உன் இடத்தில் நிற்க இத்தனை நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. இனி இந்த மாடிக்கு நான்தான் ரவுடி, கணே.