வலைக்கடியில் இருந்த தண்ணீர்

ஜெசிந்தா,

நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி அலுமாரியில் உன் சீலைகளுக்கு மேல் வைக்கிறேன்.

அன்று நீ, "எஞ்சின் நிண்டா என்ன செய்வீங்க? ரெண்டு போத்தல் தண்ணி கூடக் கொண்டு போங்க" என்றாய். "கடலுக்குப் போற நேரம் கெட்ட கதை கதைக்காத" என்று ஏசினேன்.

எஞ்சின் நின்றது. நானும் தம்பியும் இரண்டு நாள் மிதந்தோம். "கட்டாயம் ஆள் வரும்" என்று சொல்லிச் சொல்லியே அவனைத் தேற்றினேன். ஆனால் நாவை நனைத்தது, நீ வலைக்கடியில் ஒளித்து வைத்த தண்ணீர்தான்.

வேறொரு படகு எங்களை இழுத்துவந்து சேர்த்ததும், ஆலங்குடாக் கரையில் எல்லாரிடமும், அந்தத் தண்ணீரை நானே யோசித்துக் கொண்டுபோனதாகச் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டு நீ பக்கத்தில்தான் நின்றாய்.

நாளை திரும்பவும் போகிறேன். முதலில் உன் பயத்தையெல்லாம் சொல்லு. நின்று கேட்டுவிட்டுத்தான் படகைத் தள்ளுவேன்.

உன் வாயை அடைத்தவன்