மாடிக் கடலும் இரண்டு புட்டியும்

மயிலாப்பூர் மாடிக் கடலின் ஏகச் சக்கரவர்த்தியும், பவளங்களுக்கெல்லாம் பல் வைத்தியனும், என் தங்கை வசந்தாவின் கணவனுமாகிய உனக்கு,

இன்று காலை எங்கள் சமையலறைக் குழாயில் ஒழுக்கு. சும்மா சொட்டுச் சொட்டாக அல்ல. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் தெப்பக்குளத்து மீன்களெல்லாம் ஜாகை மாற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். பிளம்பர் வந்தார். பையிலிருந்து மாவு மாதிரி இரண்டு துண்டு எடுத்தார், ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். உள்ளங்கையில் சேர்த்துப் பிசைய ஆரம்பித்ததும் அந்த வாசனை எழுந்தது. பெயிண்டும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நின்றுகொண்டு மூக்கைக் குத்துகிற அதே வாசனை. என்னையும் அறியாமல், "இன்னும் பிசையுங்க, வெள்ளைக் கோடு தெரியுது பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் ஏற இறங்கப் பார்த்து, "சார் இந்த லைன்ல இருந்தீங்களா?" என்றார். "இல்லப்பா, நான் கடல் கட்டின ஆளு" என்றேன். அதற்கப்புறம் அவர் குழாயை விட்டுத் தலையைத் திருப்பவேயில்லை.

நீ கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. அந்தப் புட்டிக் கதையை உனக்கே சொல்லப்போகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதில் ஒரு பங்கை நான் உன்னிடமிருந்து ஒளித்து வைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டு மாடி போர்ஷனுக்குக் குடிவந்தாய். ராயப்பேட்டையில் ஒரு பல் லேபில் வேலை. நீ செய்த பல்செட்டைப் போட்டுக்கொண்டு முறுக்கு கடிக்காத கிழவர் அந்தக் காலத்தில் தென்சென்னையில் ஒருவர்கூடக் கிடையாது. வந்த மூன்றாம் மாதம் தியாகராய நகர் கண்ணாடிக் கடையில் சொல்லி நாலடித் தொட்டி ஒன்று செய்து கொண்டுவந்தாய். தங்கமீன் வளர்க்கப் போகிறாய் என்று நினைத்தேன். நீ சொன்னாய், "குளத்துத் தண்ணி இல்லடா. கடல்."

அதற்கப்புறம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வங்காள விரிகுடாவைக் காலி செய்தோம். அந்த வருஷம் மெரினாவில் கடல் பத்தடி உள்ளே போனதென்றால் அதற்கு நாமே பொறுப்பு. கரைத் தண்ணீர் அழுக்கு என்று, அடையாறுக்கு அந்தப் பக்கம் குப்பத்தில் ஒரு மீன்காரரைப் பிடித்து, அலை தாண்டி மொண்டுவரச் சொன்னாய். பன்னிரண்டு கேனை ஆட்டோவில் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இன்னா நைனா, கடல இட்டுக்கினு போறீங்களே, நாளைக்கு நான் எங்க வலை வுடுறது?" மறுநாளும் அதே இடத்தில் கடல் இருந்தது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதியாயிற்று.

பவளம் ராமேசுவரம் பக்கத்திலிருந்து வந்தது. அப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்றைக்கு அதைத் தொட்டால் தொட்டியை ஜெயிலில்தான் வைக்க வேண்டும். கடல் பூச்சிகளும் பாசியும் உயிரோடு ஒட்டியிருக்கும் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேல் விரல் நீளப் பவளக் கொம்புகளை நிறுத்தினாய். நீல டியூப் லைட்டைப் போட்டதும் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. எனக்கே இரண்டு நிமிஷம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

பேச்சைத் திருப்பிக் கொடுத்தது ஒரு நண்டு. முதுகில் சங்கைச் சுமந்துகொண்டு திரியும் நண்டு. யார் வீட்டையும் முன்னறிவிப்பு இல்லாமல் இடித்துவிடுவதால் அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தேன். அது நடந்த வழியெல்லாம் பவளம் குப்புற விழும். காலையில் நீ நிறுத்துவாய், சாயங்காலம் அது சாய்த்திருக்கும். சாய்ந்த பவளம் மணலில் கிடந்தால் செத்துப்போகும் என்று உனக்கு ராயப்பேட்டையில் பல் வேலையே ஓடாது.

பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஏதோ வெளிநாட்டு மீன் பத்திரிகையில்தான் அந்தச் சொல்லைப் பிடித்தாய். எபாக்ஸி புட்டி. பிளம்பர் பிசைந்த அதே பசை மாவு. இரண்டு துண்டையும் சம அளவு கிள்ளி, நிறம் ஒன்றாகும்வரை பிசைய வேண்டும். கையில் சூடு ஏறும்போது பாறையின் பொந்தில் திணித்து, பவளத்தின் அடியை அதில் அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் தடவை நான் வெறுமனே மேலே அப்பிவிட்டுக் கையை எடுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நீ சிரித்தாய். "தண்ணிக்குள்ள இது ஒட்டாதுடா. பிடிச்சுக்கும். பிடிச்சுக்க ஒரு பொந்து குடுக்கணும்." பல் கட்டிய விரல் உனக்கு. அந்த விரல் திணித்தால் மலையே நிற்கும்.

எனக்கோ அந்தச் சொல்லே போதுமாயிருந்தது. எங்கள் அப்பா மதுவிலக்கு இலாகாவில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது உனக்குத் தெரியும். செங்கல்பட்டில் ஒருவன் மூடியைத் திறந்தால் மயிலாப்பூரில் அவருக்குத் தும்மல் வரும். அப்படிப்பட்டவர் வீட்டு மாடிப்படியில் நின்றுகொண்டு, "இன்னிக்கு எத்தனை புட்டிடா?" என்று கேட்பதில் எனக்கு ஒரு ராஜ சந்தோஷம். அவர் காதில் விழாமல்தான். நீயும் பழகிவிட்டாய். எபாக்ஸி போய், வெறும் புட்டி ஆயிற்று.

வசந்தா அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்துக்கொண்டிருந்தாள். உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மேலே வந்தாள். ஒரு வாரத்தில் தினம் வந்தாள். உலகத்திலேயே அவ்வளவு தடவை உப்புப் பார்க்கப்பட்ட தண்ணீர் வேறு கிடையாது. நான்தான் அப்பாவிடம் பேசினேன். ஜாதகம் பார்த்தார், திருச்சியிலிருந்து உன் அப்பா அம்மா வந்து போனார்கள், நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாயிற்று.

அதற்கு ஐந்து நாள் முன்னால் தாசில்தார் பெரிய பாறையையே சாய்த்துவிட்டார். அது சரிந்து கண்ணாடியில் இடித்துக் கீறல் போட்டது. நேர் கீழே அப்பாவின் ஈஸிசேர். இருநூறு லிட்டர் கடல் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் மாப்பிள்ளையும் வேண்டாம், மாடியும் வேண்டாம் என்பார் என்று நீ பயந்தாய். கையிலிருந்த புட்டியெல்லாம் போட்டும் பாறை நிற்கவில்லை.

மறுநாள் காலை லேபிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஃபோன் செய்தாய். என் குரலும் அப்பா குரலும் ஃபோனில் ஒன்றுதான், ஊரே ஏமாந்திருக்கிறது. 'ஹலோ' என்றது நான்தான் என்று நினைத்து நீ கடகடவென்று சொன்னாய்:

"டேய், சாயங்காலம் வரச்சே ரெண்டு புட்டி வாங்கிண்டு வா. நேத்திக்குப் போட்டது போதலை. ஆட்டம் நிக்கவே மாட்டேங்கறது. உங்கப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாது."

கேட்டுக்கொண்டிருந்த அப்பா அப்படியே ரிசீவரை வைத்தாராம்.

நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்த ஃபோனைச் சொன்னார். அந்தக் குரலில் கோபம் இல்லை. ஏதோ அவரே தப்புப் பண்ணிவிட்ட மாதிரி இருந்தது. "அவன் கிட்ட வந்தாலே கிராம்பு வாசனை. நான்னா யோசிச்சிருக்கணும். முப்பது வருஷம் கிராம்பு மென்னுண்டு வந்தவாளைத்தானே பிடிச்சேன்" என்றார். பல் லேபில் நாள் பூராவும் கிராம்புத் தைலத்தில் கை வைக்கிறவன் வேறெப்படி மணப்பான்? எனக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது.

அதைத்தான் உன்னிடம் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் போதும். "அப்பா, அது பாறைக்குப் பூசற மாவு." சொல்லியிருந்தால் மத்தியானம் ஒன்றரை மணிக்கே முடிந்திருக்கும். ஆனால் என் மூளைக்குள் ஒரு நாடகக் கம்பெனியே மேக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சாயங்காலம் அப்பா மாடியேறி வருவார், உன் கையில் புட்டியைப் பார்ப்பார், அந்த முகத்தைப் பார்க்க எழுபது ஜன்மம் எடுக்கலாம்! தெரு முனை பூத்துக்குப் போய் உனக்கு ஃபோன் செய்தேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இரண்டு புட்டியும் வாங்கி மேலே வைக்கிறேன், சாயங்காலம் சீக்கிரம் வா என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

திரும்பி வந்தபோது அப்பா வசந்தாவிடம் சொல்லிவிட்டிருந்தார். நிச்சயதார்த்தம் கிடையாது, காரணம் கேட்காதே என்று. அவள் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ப்ளக்கைப் பிடுங்கினாள். சூடு ஆறாத புடவையை மடித்து பீரோவுக்குள் வைத்தாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. இன்னும் நாலு மணி நேரம்தானே என்று நினைத்தேன்.

சாயங்காலம் நடந்தது உனக்கே தெரியும். தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டுப் பாறையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். இறுக முக்கால் மணி நேரமாவது ஆகும். விட்டால் எல்லாம் சரியும். அப்பா மேலே வந்தார். சட்டைப் பையில், சம்பந்தம் வேண்டாமென்று திருச்சிக்கு உன் அப்பாவுக்கு எழுதி ஒட்டிய இன்லண்ட் லெட்டர்.

"எங்கே அந்தப் புட்டி?"

"கையில இருக்கு மாமா."

"வாயை ஊது."

நீ ஊதினாய். கையை எடுக்காமல், பாவம், கழுத்தை மட்டும் நீட்டி ஊதினாய். கிராம்பு வாசனை மாடி பூராவும் பரவியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நீ அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரியாமலே சொன்னாய்: "மாமா, மேஜை மேல இன்னொரு புட்டி இருக்கு. கொஞ்சம் பிசைஞ்சு தரேளா? இது இறுகறதுக்குள்ள அதையும் வெச்சாகணும்."

அப்பா மேஜையைப் பார்த்தார். அட்டையை எடுத்து, கண்ணாடியை ஏற்றி, எழுத்துக் கூட்டிப் படித்தார். "இதுக்கா பேரு புட்டி?" என்றார். அப்புறம் உட்கார்ந்து பிசைந்தார். சந்தனம் அரைக்கிற சிரத்தை. வெள்ளைக் கோடு மறைந்ததா என்று விளக்கில் வேறு காட்டிப் பார்த்தார். எப்போது மேலே வந்தாள் என்று தெரியவில்லை, வசந்தா பின்னாலிருந்து அவர் சட்டைப் பையில் கையை விட்டு அந்த லெட்டரை எடுத்தாள். விலாசத்தைப் படித்தாள். நாலாகக் கிழித்தாள். இரண்டு கையிலும் புட்டி அப்பியிருக்க, முப்பது வருஷ சர்வீஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அடையாறு ஃப்ளாட்டுக்கு அந்தத் தொட்டியும் உங்களோடு குடிபெயர்ந்தது. சட்டம் வந்த பிறகு நீ புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. வருஷம் ஆக ஆக அந்தச் சாம்பல் பூச்சின் மேலே ரோஜா நிறத்தில் ஏதோ படர்ந்து மூடிக்கொண்டது. இணைத்த இடத்தைக் காட்டு பார்க்கலாம் என்று வருகிறவர்களைச் சீண்டுவாய். கடைசியில் உனக்கே தெரியவில்லை.

பிளம்பர் போனதும் வசந்தாவுக்கு ஃபோன் செய்தேன். முதலில் இருமினேன், மழையைப் பற்றிச் சொன்னேன், பிறகு சொல்லிவிட்டேன். அன்றைக்கு மத்தியானமே எனக்குத் தெரியும், வேடிக்கை பார்க்க வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று.

"அவருக்குத் தெரியும்ண்ணா. பூத்துலேர்ந்து நீ சிரிச்சதை வெச்சே கண்டுபிடிச்சுட்டார். கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கிட்ட சொன்னார்."

ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"நான் கேக்கறேன்னுதான் குதிச்சேன். வேண்டாம், அவனே ஒரு நாள் வந்து சொல்லுவான், அன்னிக்கு முதல் தடவை கேக்கற மாதிரி கேட்டுக்கோன்னார்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "என்னால அப்படிக் கேட்டுக்க முடியலை. மன்னிச்சுக்கோ."

நீயும் நானும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை எதிரெதிரே உட்கார்ந்து சீட்டாடியிருக்கிறோம்! லட்சம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆயிரம் இருக்கும். அவ்வளவிலும் நான் வாயைத் திறப்பேனா என்று பார்த்துக்கொண்டே நீ சீட்டைப் போட்டிருக்கிறாய். நான் ஜெயித்தால் ஊரைக் கூட்டினேன். நீ ஒரு பார்வையில்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போதும் யாரையாவது சீண்டாமல் எனக்குப் பொழுது போவதில்லை. ஆனால் எதிரில் இருக்கிற முகம் லேசாக மாறும்போதே உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறேன். பாதி வேடிக்கை கெட்டுப்போகிறது. வயசாயிடுத்து மாமாவுக்கு என்று பசங்கள் சலித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நான் காரணம் சொல்வதில்லை. உனக்கு ஒன்பது மாதம் தாமதமாகச் சொல்லிவிட்டேன்.

உன் மச்சினன்