சென்னையில படிச்சேன் என்றேன்

ஜூலை 9, புதன்.

இன்று எங்கள் மஞ்சக்குப்பம் ஆபீசில் வேலைக்கு நேர்காணல்; கேள்வி கேட்க மேலாளரோடு நானும் உட்கார்ந்தேன். சிதம்பரத்திலிருந்து வந்த பெண் எல்லாக் கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொன்னாள். அவள் வெளியே போனதும் புது மேலாளர் ஃபைலை மூடினார்.

"உள்ளூரு யுனிவர்சிட்டில படிச்சவுங்க சரிப்பட்டு வர மாட்டாங்கம்மா."

நானும் அதே சிதம்பரம் யுனிவர்சிட்டியில்தான் படித்தேன். அது அவருக்குத் தெரியாது. அடுத்த ஃபைலை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

மதியம் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண் நின்றிருந்தாள்.

"மேடம், நீங்க எங்க படிச்சீங்க?"

"சென்னையில."

"அதான பாத்தேன். எங்க யுனிவர்சிட்டி ஆளுங்க யாரையும் இங்க சேத்துக்க மாட்டாங்கன்னு ஃப்ரெண்ட்ஸ் சொன்னாங்க."

அங்கே படித்த ஒருத்தி பத்து வருஷமாக இதே ஆபீசில் இருக்கிறாள், அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் பஸ் வந்து அவள் ஏறிவிட்டாள். செம்மண்டலத்தில் நான் தங்கியிருக்கும் அறைக்குத் திரும்பி இதை எழுதுகிறேன். சொல்ல யாரும் இல்லை.